ஏசி பாயும் எரிமலை டிராகனும்

குளிருக்குப் பயப்படுகிற ஏசி மெக்கானிக் என்று உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அந்த ஒருவர் எங்கள் வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தார். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் பதினேழு வீட்டுக்காரர்களின் போனில் அவருடைய நம்பர் இருந்தது. பதினேழிலும் ‘ஏசி பாய்’ என்றுதான் பதிந்திருந்தார்கள். சொந்தப் பெயர் என்ன என்று ஒருமுறை கேட்டேன். “அது ரேஷன் கார்டுல கீது சார்” என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிவிட்டார்.

ஐம்பத்தெட்டு வயது. சித்திரை மாதத்திலும் கழுத்தில் மப்ளர். மார்கழி பிறந்தால் குரங்குக் குல்லா, அதற்கு மேல் ஹெல்மெட். ஏசியைக் கழற்றிக் கழுவி மாட்டிய பிறகு, ஓடுகிறதா என்று பார்க்க அறைக்குள் வர மாட்டார். வாசற்படியில் நின்று கையை மட்டும் உள்ளே நீட்டுவார். “ஜில்லுனு வர்தா சார்?” என்பார். நான் ஏசிக்கு நேராகப் போய் நின்று, வருகிறது என்று சான்றிதழ் தர வேண்டும். அவ்வளவு நேரமும் அவர் கூடத்து மின்விசிறியை ஐந்திலிருந்து இரண்டுக்குக் குறைத்துவிட்டுக் காத்திருப்பார்.

முதல் முறை அவர் வந்தது ஆடி மாதத்தில். காஸ் போய்விட்டது என்றார். புதுக் காஸ் நிரப்புவதற்கு முன், குழாய்க்குள் இருக்கிற காற்றை வாக்குவம் பம்பு வைத்து இழுத்துவிட வேண்டுமாம். அதற்கு நாற்பது நிமிடம் ஆகும். மற்ற மெக்கானிக்குகள் அந்த நாற்பது நிமிடத்தில் போன் பேசுவார்கள். சிலர் பம்பே வைக்காமல் வைத்ததாகச் சொல்வார்கள். பாய் பம்பை ஓடவிட்டார். பிறகு பையிலிருந்து அம்மிக்கல் கனத்தில் ஒரு லேப்டாப்பை எடுத்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். “ஒரு பிளக் பாயின்ட் குடுங்க மாமி” என்று என் மனைவியிடம் கேட்டார்.

பில் போடத்தான் என்று நினைத்தேன். திரையில் தாடி வைத்த மந்திரவாதி ஒருவன் கம்பளிக் கோட்டோடு பனியில் நின்றுகொண்டிருந்தான். பாய் ஒரு பொத்தானைத் தட்டினார். அவன் கைத்தடியிலிருந்து ஐஸ் கட்டி பறந்து போய் ஒரு ஓநாயின் நெற்றியில் விழுந்தது.

“இன்னா சார் அப்டி பாக்கறீங்க? பம்பு அது வேலைய பாக்குது. நாம நம்ம வேலைய பாக்கலாம்” என்றார்.

நான் அரசாங்கத்தில் முப்பத்து நான்கு வருடம் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்த்தவன். எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவேன். எண்ண முடியாவிட்டால் அன்று தூக்கம் வராது. அந்தத் திரையின் ஓரத்தில் எண்கள் வரிசையாக இருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

விளையாட்டு இதுதான். நம் ஆள் சண்டை போடப் போட ஒவ்வொரு படியாக உயர்வான். ஒவ்வொரு படிக்கும் ஐந்து புள்ளிகள் தருவார்கள். அவற்றை உடல்பலத்தில் போடலாம், உயிர்பலத்தில் போடலாம், மந்திரபலத்தில் போடலாம். அவர் ஆள் அப்போது முப்பத்தெட்டாம் படியில் இருந்தான். நூற்றுத் தொண்ணூறு புள்ளிகளில் நூற்று எண்பதை மந்திரத்தில் போட்டிருந்தார், அதுவும் ஐஸ் மந்திரத்தில்.

“மேஜிக்கும் ஏசியும் ஒண்ணுதான் சார். மேனான்னு ஒண்ணு போட்டுக்கீது பாருங்க, அது காஸு. மந்திரம் கம்ப்ரஸரு. கைல கீற தடி ப்ளோயரு. கம்ப்ரஸர் சின்னதா இருந்தா எவ்ளோ காஸ் ஏத்தினாலும் வேஸ்ட்டு. ஓநாய்க்கு ஒரு டன் போதும். ஹால் சைஸுக்கு ஒரு பூதம் வந்தா ரெண்டு டன். கடைசில ஒரு டிராகன் கீறாரு, அவருக்கு மூணு டன் வேணும்” என்றார். டிராகனுக்கு மட்டும் மரியாதை.

அந்த மந்திரக் கட்டுமானத்தில் என்னால் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது.

மந்திரம் என்பது நாம் அடிப்பது. அடி வாங்கும்போது தாங்குவதற்குத் தனியாக நான்கு எண்கள் உண்டு: நெருப்பு, குளிர், மின்னல், விஷம். கோட்டு, குல்லா, மோதிரம் என்று உடம்பில் மாட்டுகிற சாமான்களால் அந்த எண்கள் ஏறும். “ரெசிஸ்டன்ஸ்னு பேரு. எதிர்ப்பு சக்தி” என்று பாய் என் மனைவிக்கு விளக்கினார். அவள் உடனே கவலையாகி, “எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கா? கண்டந்திப்பிலி ரசம் வெச்சுத் தரட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு டம்ளர் குடித்தார்.

நான் எண்களைப் பார்த்தேன். விஷம் பத்து. மின்னல் பத்து. குளிர் நூற்று நாற்பது. நெருப்பு பூஜ்யம்.

கோட்டில் நாற்பது, குல்லாவில் இருபத்தைந்து, கையுறையில் இருபத்தைந்து, பூட்ஸில் இருபது, இரண்டு மோதிரங்களில் பதினைந்து பதினைந்து. கூட்டினால் நூற்று நாற்பது சரிதான். ஆனால் அதன் பக்கத்திலேயே பொடி எழுத்தில் ‘உச்சவரம்பு எழுபத்தைந்து’ என்று போட்டிருந்தது. அதாவது எழுபத்தைந்துக்கு மேல் எவ்வளவு ஏற்றினாலும் பிரயோஜனம் கிடையாது. அறுபத்தைந்து வீண்.

“பாய், இதுல அறுபத்தஞ்சு சும்மா போறது.”

“இருக்கட்டும் சார். திடீர்னு குளிர் ஏறிப்போச்சுன்னா?”

“ஏறினாலும் எழுபத்தஞ்சுதானே கணக்கு?”

“கணக்கு உங்குள்து சார். குளிர் நமக்கு வர்து” என்றார்.

சரி, நெருப்புக்கு ஏன் பூஜ்யம்? அதைக் கேட்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மெட்ராஸ்காரனுக்கு எதுக்கு சார் நெருப்புக்கு ரெசிஸ்டன்ஸு? மே மாசம் ஒரு மணி வெயில்ல டி.நகர்ல மொட்டை மாடில அவுட்டோர் யூனிட் கழட்னவன் சார் நானு. காலு ரெண்டும் தோசைக்கல்லுல வெச்ச மாதிரி இருக்கும். ஒரு டிராகன் வாய தொறந்து ஊதினா நான் பயந்துடுவேனா?”

அவர் பயப்படவில்லை. செத்தார். எரிமலை உச்சியில் உட்கார்ந்திருந்த அந்த டிராகன் ஒரு மூச்சு விட்டால் நானூறு புள்ளிக்கு அடி விழும். பாயின் ஆளுக்கு இருக்கிற உயிரே முந்நூற்று இருபதுதான். டிராகன் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறக்கும். மந்திரவாதி பூட்ஸோடும் கோட்டோடும் சாம்பலாவான். பிறகு மலையடிவாரத்தில் பிழைத்து எழுந்து மறுபடி ஏறுவான். என் கண்ணெதிரே மட்டும் நாற்பத்து மூன்று முறை செத்தார். தெருவில் மற்ற பதினாறு வீடுகளில் எத்தனை முறையோ, அந்த விவரம் என்னிடம் இல்லை. காய்கறிக் கடையில் ஒரு வீட்டம்மாள் இன்னொரு வீட்டம்மாளிடம், “நம்ம பாய் அந்தப் பல்லியைக் கொன்னாச்சா?” என்று விசாரித்ததைக் கேட்டேன். தெருவே அவர் பின்னால் நின்றது.

நான் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். நெருப்புக்கு இருபத்தைந்து சதவீதம் இருந்தால் போதும். நானூறு முந்நூறாகிவிடும். முந்நூற்று இருபதில் இருபது மிஞ்சும். அந்த இருபதோடு ஒரு சீசா மருந்து குடித்தால் உயிர் முழுவதும் திரும்பும். டிராகன் அடுத்த மூச்சை இழுப்பதற்குள் ஐஸ் மந்திரத்தை ஆறு முறை வீசலாம். கதை முடிந்தது. வேண்டியது இருபத்தைந்து தருகிற ஒரே ஒரு நெருப்பு மோதிரம்.

காகிதத்தை இரண்டு முறை படித்தார். “கரெக்டா கீது சார்” என்றார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றே எரிமலையடியில் ஒரு பெட்டிக்குள் நெருப்பு மோதிரம் கிடைத்தது. நேராக மந்திரக் கிராமத்துக் கடைக்குப் போய் அதை விற்றுவிட்டார்.

கைதவறி விற்றிருப்பார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று கிடைத்தது. அதையும் விற்றார். மூன்றாவதையும் விற்றார், நான்காவதையும் விற்றார். “ஏன் பாய், அந்த மோதிரத்தைப் போட்டுக்கத்தான் மாட்டேங்கறேளே, ஏன்?” என்று என் மனைவி நேராகவே கேட்டாள். “ரெண்டு வெரல்லயும் குளிர் மோதிரம் கீது மாமி. எடமில்ல” என்றார். மற்ற எட்டு விரல்கள் என்ன ஆயின என்று அவள் கேட்டதற்கு, இந்த உலகத்தில் ஆளுக்கு இரண்டு விரல்தான் என்று பதில் வந்தது.

இதற்குள் எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே ஏசிக்கு ஐந்து மாதத்தில் ஒன்பது சர்வீஸ் ஆகியிருந்தது. கடைசி ஆறு சர்வீஸுக்கு ஏசியில் எந்தக் கோளாறும் கிடையாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சத்தம் வருகிறது என்று நான் கூப்பிடுவேன். “ஆமா சார், லேசா வர்து” என்று அவரும் ஒத்துக்கொண்டு பம்பை ஓடவிடுவார். “இந்த ஏசிக்கு வாய் இருந்தா அழும்” என்றாள் என் மனைவி. ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்தால் கூடுதலாக ஒரு ஆழாக்கு அரிசி போட்டாள். பாயின் மனைவி ஐப்பசியிலேயே கனடாவுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார், பாய் சைதாப்பேட்டையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

மிச்சம் தெரிந்தது கார்த்திகை மாதத்தில் ஒரு காலை. பாய் ஜன்னலுக்கு வெளியே ஏணியில் இருந்தார். மேசை மேல் லேப்டாப்பில் டிராகனும் மந்திரவாதியும் காத்திருந்தார்கள். பக்கத்தில் அவருடைய போன் அடித்தது. வீடியோ அழைப்பு. “எடுத்து அப்பால பேசறேன்னு சொல்லுங்க சார்” என்று ஏணியிலிருந்து குரல் வந்தது. எடுத்தேன். நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு ஒரு பெண். பின்னால் ஜன்னல் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் பனி.

“அங்கிள், எங்க அத்தா இருக்காரா?”

பாயின் மகள். அப்பா ஏணியில் இருக்கிறார் என்றேன். அவள் மூச்சு விட்டாள். தை மாதத்தில் பிரசவமாம். அத்தாவுக்கு எடுத்த டிக்கெட்டை மூன்று முறை மாற்றியாகிவிட்டதாம்.

“கேட்டா ஒரு முக்கியமான வேலை பாக்கி இருக்கு, அது முடிஞ்ச மறுநாளே கிளம்பிடுவேன்றாரு. குழந்தை பொறந்ததும் அது காதுல பாங்கு, அதான் தொழுகைக்குக் கூப்பிடறது, சொல்லணும் அங்கிள். அது காதுல விழற மொத வார்த்தை அதுதான். எனக்கு எங்க தாத்தா சொன்னாரு. என் குழந்தைக்கு எங்க அத்தா குரல்தான் விழணும். போன்ல சொல்றேன்றாரு. பொறந்த குழந்தை காதுல போனையா வெப்பாங்க? அப்படி என்ன வேலை அங்கிள் அங்க?”

நான் லேப்டாப்பைப் பார்த்தேன். எரிமலை உச்சியில் டிராகன் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

“பெரிய வேலைதாம்மா” என்றேன்.

அன்று முழுவதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இந்த மனிதர் பொய் சொல்ல மாட்டார். பம்பு நாற்பது நிமிடம் என்றால் முப்பத்தொன்பதில் நிறுத்த மாட்டார். ஒரு வேலை பாக்கி என்று மகளிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அது பொய்யாகிவிடக் கூடாது. ஆகவே வேலை முடியக் கூடாது. அதற்காகத்தான் நான்கு மோதிரங்களையும் விற்றிருக்கிறார். நாற்பத்து மூன்று சாவும் திட்டமிட்ட சாவு. கணக்கு ஒத்துவந்ததும் எனக்கு வழக்கமாக வருகிற திருப்தி வரவில்லை. வேலை முடிந்தால் வெள்ளிக்கிழமைகளில் அந்த நாற்காலி காலி. முடியாவிட்டால் அங்கே ஒரு குழந்தையின் காதில் போன். இரண்டு நாள் மென்று விழுங்கினேன். பிறகு, அத்தாவின் போட்டோ அனுப்பச் சொல்லி அன்று அவள் கொடுத்திருந்த நம்பரில் மகளைக் கூப்பிட்டுச் சில விவரங்கள் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாய் பம்பை ஓடவிட்டுவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனார். லேப்டாப் திறந்தே இருந்தது. மந்திரவாதியின் பையில், இன்னும் விற்கப்படாத ஐந்தாவது நெருப்பு மோதிரம் இருந்தது.

மவுஸ் என் மனைவி கையில். எண்கள் என் பொறுப்பு. “எந்த விரல்னா?” என்றாள். இடது என்றேன். அவள் இழுத்த இழுப்பில் மோதிரத்துக்குப் பதிலாகக் குல்லா கழன்று வந்துவிட்டது. “ஐயோ, பாவம், தலையில ஒண்ணும் இல்லாம நிக்கறானே” என்று பதறிப்போனாள். குல்லாவைத் திரும்ப மாட்ட ஏழு நிமிடம் ஆயிற்று. ஒருவழியாகக் குளிர் மோதிரம் ஒன்று பைக்குப் போனது, நெருப்பு மோதிரம் விரலுக்கு வந்தது. எண்ணிப் பார்த்தேன். குளிர் நூற்று இருபத்தைந்து. உச்சவரம்பு அதே எழுபத்தைந்து. அவருடைய குளிர்ப் பாதுகாப்பில் ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை.

பாய் வந்தார். உட்கார்ந்தார். வழக்கம்போல மலையேறினார். டிராகன் வாயைத் திறக்கும் இடம் அவருக்கு மனப்பாடம் என்பதால், அது திறந்தவுடனே மவுஸை விட்டுவிட்டு டீ டம்ளரை எடுத்தார். திரை முழுவதும் நெருப்பு. நெருப்பு அடங்கியது. மந்திரவாதி நின்றுகொண்டிருந்தான்.

டம்ளர் உதட்டிலேயே நின்றது. “இன்னா சார் இது? நிக்கிறான்?”

“மருந்து குடிக்கச் சொல்லுங்கோ அவனை” என்றாள் என் மனைவி.

அடுத்து நடந்ததற்கு பாயின் மனம் பொறுப்பல்ல, கைதான் பொறுப்பு. ஓடுகிற யூனிட்டைப் பாதியில் நிறுத்தி முப்பது வருடமாகப் பழகாத கை அது. மருந்து குடித்தது. ஐஸ் வீசியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் சத்தமாகவே எண்ணினேன். ஆறாவதில் டிராகன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, எரிமலைக்குள் விழுந்து, மறைந்தது. மேளதாளம் மாதிரி ஏதோ வாசித்தார்கள்.

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். இழவுச் செய்தி சொல்கிற குரலில், “பூட்டாரு சார்” என்றார்.

பிறகு மந்திரவாதியின் விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நீங்களா சார்?”

“கணக்கு என்னது. கை மாமியோடது.”

அவர் மப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார். “பொண்ணு பேசினாளா?” என்றார். தலையாட்டினேன்.

“அவ கீற ஊருக்கு வின்னிபெக்னு பேரு சார். சைதாப்பேட்டை, ஆழ்வார்பேட்டை மாதிரி அதுவும் ஒரு வின்னிப்பேட்டைனு நெனச்சுக்கினு இருந்தேன். அங்க மைனஸ் இருபத்தெட்டாம்.” டம்ளரை மேசை மேல் ஒரு சுற்றுச் சுற்றினார். “இருவது வயசுல ஒரு ஐஸ் கம்பெனில வேல சார். கோல்டு ரூம் உள்ள போனேன், எவனோ வெளிய தாப்பா போட்டுட்டான். நாப்பது நிமிஷம் கதவ தட்டிக்கினே கெடந்தேன். கை என்னுதுன்னே தெரில சார். அதுலேந்து யார் ஜில்லுன்னு சொன்னாலும் அந்தக் கதவுதான் வர்து.”

நான் சட்டைப்பையிலிருந்து குறிப்பை எடுத்தேன். மகள் வீட்டு வாசலிலிருந்து கார் ஏழு அடி. கார் வீட்டோடு ஒட்டிய ஷெட்டில்தான் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் கார் கட்டடத்துக்குள்ளேயே போய்விடும். வீட்டுக்குள் இருபத்திரண்டு டிகிரி, எங்கள் வீட்டு ஏசியைவிடச் சூடு. விமான நிலையத்தையும் சேர்த்து அவர் வெளிக்காற்றில் நிற்கப்போவது மொத்தம் மூன்று நிமிடம். எல்லாவற்றையும் படித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் முகம் மாறவில்லை. எண்களால் ஆகாத இடம் அது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “பாய், அது உங்க பொண்ணாத்துக் கதவு. உள்ளேந்து திறக்கற கதவு. உங்காத்து மனுஷாதான் உள்ள இருக்கா. யார் தாழ்ப்பாள் போடப் போறா?”

பாய் அவளையே பார்த்தார். அப்புறம் போனை எடுத்தார். அந்தப் பக்கம் அவள் ஹலோ சொல்வதற்குள், “வேல முடிஞ்சிடுச்சும்மா” என்றார்.

பாண்டி பஜாரில் ஸ்வெட்டர் வாங்க நானும் கூடப் போனேன். முப்பத்து மூன்று டிகிரி வெயிலில் ஐந்து ஸ்வெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்த ஒரே வாடிக்கையாளர் அவராகத்தான் இருப்பார். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். ஐந்துமே வேண்டுமா, மூன்று போதுமே என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்த பதினோராம் நாள் குழந்தை பிறந்தது. பெண். பாங்கு அவர்தான் சொன்னார். குல்லாவை மட்டும் கழற்றவில்லையாம், பேத்திக்குத் தாத்தாவின் குரல் தெரியும், காது தெரியாது என்று மகள் சிரித்தாள். இரண்டு வாரம் கழித்து வீடியோவில் பாயே வந்தார். தோளில் குழந்தை. “சார், இங்க ஏசி தலைகீழா கீது. சூடா ஊதுது. பில்டர வாங்குன நாள்லேந்து எவனும் கழுவல, நாத்தம் குடல பிடுங்குது” என்றார். மகள் வீட்டில் ஆரம்பித்து, இதுவரை அந்தத் தெருவில் நான்கு வீட்டுக்குக் கழுவிக் கொடுத்துவிட்டாராம். எப்போது திரும்புவார் என்று நான் கேட்கவில்லை. குழந்தை அவர் மப்ளரைச் சப்பிக்கொண்டிருந்தது.

இப்போதெல்லாம் காலையில் எழுந்ததும் முதலில் வின்னிபெக்கின் வெப்பநிலையைத்தான் பார்க்கிறேன். மைனஸ் பதினைந்து என்றால் பரவாயில்லை, நிம்மதியாகக் காபி இறங்குகிறது. மைனஸ் முப்பதைத் தொட்டுவிட்டால் இங்கே மயிலாப்பூரில் எழுந்து போய் மின்விசிறியைக் குறைத்துவிட்டு வருகிறேன்.